உதவித்தொகையும் ஒரு முன்னெழுத்தும்

(முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர்)

ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று தோழியர் கேட்டபோது, "உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று எழுதப் போகிறேன்" என்றேன். சிரித்தார்கள். கவிதை எழுதத் தெரிந்தவர்கள் நம் துறையில் பலர் உண்டு, அவர்கள் எழுதட்டும். விண்ணப்பத் தாளில் தோற்றவர்களில் ஒருத்தி நான். அந்தத் தோல்வியை எழுத எனக்குத் தகுதி உண்டு என்றே கருதுகிறேன்.

என் ஊர் திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையம். அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுவது யாவரும் அறிந்ததே. என் உம்மாவும் பீடித்தட்டை மடியில் வைத்தபடிதான் எனக்குப் பாடம் ஒப்பிக்கக் கேட்பார். 2019ஆம் ஆண்டு, உதவி பெறும் பள்ளி ஒன்றின் ஆங்கில வழிப் பிரிவில் பிளஸ் ஒன் சேர்ந்தேன். கட்டணம் 4,500 ரூபாய். உம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. "உதவித்தொகை வந்ததும் மீட்டுக்கலாம்" என்றார் உம்மா. அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சிறுபான்மை மாணவர்க்கான உதவித்தொகைகள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் இனத்தாருக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இலேயே தொடங்கிவிட்டது. மதச் சிறுபான்மையினருக்கு அத்தகைய ஏற்பாடு வரப் பல்லாண்டுகள் ஆயின. 2005இல் அமைக்கப்பட்ட சச்சார் குழு 2006 நவம்பரில் அறிக்கை தந்தது. முஸ்லிம்கள் கல்வியில் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள் என்பதை அது எடுத்துக்காட்டிற்று. அடுத்த ஆண்டே, 2007இல், நடுவண் அரசு பதினோராம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரைக்குமான உதவித்தொகையைத் தொடங்கியது. முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சியர் ஆகியோர்க்கு உரியதாக இருந்த அதில் 2014இல் சமணரும் சேர்க்கப்பட்டனர். முந்தைய தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண், குடும்ப ஆண்டு வருமானம் 2 இலட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இருவருக்கு மேல் இல்லை என்பன நான் விண்ணப்பித்த காலத்து விதிகள். 30 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிளஸ் ஒன் மாணவிக்கு மாதம் 230 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கும், அதனுடன் 7,000 ரூபாய்க்கு மிகாமல் கட்டிய கட்டணமும் கிடைக்கும். என் கணக்குப்படி 2,300ம் 4,500ம் சேர்ந்து 6,800. கம்மலை மீட்டு, வட்டியும் கட்டி, ஒரு பை வாங்கலாம்.

இங்கே ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. பீடித் தொழிலாளர் குழந்தைகளுக்குத் தொழிலாளர் நலத்துறை தரும் உதவித்தொகை தனியே ஒன்று உண்டு. இரண்டையும் வாங்கக் கூடாது. உம்மாவிடம் தொழிலாளர் அடையாள அட்டை இல்லை; நாங்கள் பீடி போட்டது இன்னொருவர் பெயரில் இருந்த பாஸ் புத்தகத்தில். ஆகவே யோசிக்க இடமில்லாமல் சிறுபான்மையினர் உதவித்தொகையையே தேர்ந்தோம். உங்கள் வீட்டில் அட்டை இருந்தால் இரண்டு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போய்த் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. பதிவு செய்ததோடு நில்லாமல் கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்ததால்தான் மூன்று வாரம். பார்க்காத என் வகுப்புத் தோழிக்கு இரண்டு மாதம். பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் ஏற்றினோம். பள்ளி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அங்கேதான் நின்றது.

பள்ளி எழுத்தர் என்னை அழைத்தார். மேசையில் என் மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் வரிசையாக வைத்திருந்தார்.

"என்னம்மா இது, ஒரு பிள்ளைக்கு மூணு பேரா?"

உண்மைதான். மதிப்பெண் சான்றில் என் பெயருக்கு முன்னால் வாப்பாவின் முதலெழுத்து. ஆதாரில் அதே எழுத்து பின்னால். வங்கியில் வாப்பாவின் முழுப்பெயரும் சேர்ந்து ஒரே நீளமாக. போதாக்குறைக்கு எழுத்துக்கூட்டல். தமிழில் 'பாத்திமா' என்று ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எஃப் எழுத்தில் தொடங்கினால் ஒருத்தி, பி எழுத்தில் தொடங்கினால் வேறொருத்தி! 'செய்யது' என்பதற்கு எங்கள் தெருவில் மட்டுமே நான்கு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. அரபுப் பெயரைத் தமிழ்க் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர் கையில் இருக்கிறது நம் தலையெழுத்து. முன்னெழுத்தே இல்லாத ஊர்க்காரர்கள் வகுத்த படிவம் அது. 'முதற்பெயர், கடைப்பெயர்' என்று கேட்டால் தமிழ்ப் பிள்ளை எதைச் சொல்லுவாள்?

ஆதாரைத் திருத்தி வருவதற்குள் பள்ளி சரிபார்ப்புக்கான கடைசி நாள் போய்விட்டது. அந்த ஆண்டு எனக்கு ஒன்றும் இல்லை. உம்மா எதுவும் சொல்லவில்லை. அன்றிரவு வழக்கத்தைவிட ஒரு கட்டு கூடுதலாகச் சுற்றினார். அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது அவருடைய அக்காள் தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதை எங்கள் தமிழாசிரியை அடிக்கடி சொல்வார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்ததுண்டு. அந்த ஆண்டு மட்டும், அந்த வளையல் எப்போது மீட்கப்பட்டது என்று கேட்கத் தோன்றியது.

பிளஸ் டூவில் மறுபடி விண்ணப்பித்தேன். பெயர்கள் மூன்றும் ஒன்றாகியிருந்தன. விண்ணப்பம் தேறியது. 'தொகை செலுத்தப்பட்டது' என்று இணையதளம் காட்டியது. என் வங்கிப் புத்தகத்திலோ காசு இல்லை! மூன்று மாதம் அலைந்தபின் ஒரு வங்கி ஊழியர் காரணம் கண்டுபிடித்தார். ஊரடங்குக் காலத்தில் தெருவுக்கு வந்த முகவர் ஒருவர், கைரேகை வாங்கி வேறொரு வங்கியில் எனக்குக் கணக்குத் தொடங்கியிருந்தார். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக ஆதாருடன் இணைத்த கணக்குக்கே போகும்; படிவத்தில் நாம் எழுதிய எண்ணுக்கு அல்ல. பணம் அங்கே பத்திரமாக இருந்தது. இன்று எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் முதலில் அதைப் பாருங்கள்.

இவ்வளவு சரிபார்ப்பு எதற்கு என்று கோபம் வருவது இயல்பே. எனக்கும் வந்தது. ஆனால் 2023இல் வெளியான செய்தி ஒன்று என்னை யோசிக்க வைத்தது. இந்த உதவித்தொகைகளைப் பெற்ற நிறுவனங்களில் 1,572ஐ ஆராய்ந்ததில் 830 போலியானவை அல்லது இயங்காதவை என்று தெரிந்து, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. இல்லாத பள்ளியின் இல்லாத மாணவர்களுக்குப் பெயர்கள் மட்டும் பிழையின்றிப் பொருந்தியிருக்கின்றன. இருக்கிற மாணவிக்கு ஒரு முன்னெழுத்து இடம் மாறினால் ஓராண்டு போகிறது. இந்த முரண்பாட்டைப் பற்றிப் பொருளியல் மாணவர்களாகிய நாம் ஆராயலாம்.

இன்னொன்று. திட்டங்கள் நிலையானவை என்று எண்ணாதீர்கள். ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையான சிறுபான்மை உதவித்தொகை 2022இல் நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்க்கான மௌலானா ஆசாத் நிதிநல்கையும் அதே ஆண்டில் நின்றது. மறுபுறம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியது. இதற்குச் சாதி, மதம் பார்ப்பதில்லை. ஆகவே அக்காள் வாங்கினாளே என்று நம்பியிராமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்கக் கூசித்தான் நான் முதல் ஆண்டை இழந்தேன்.

இப்போது விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் தாள்களோடு என்னிடம் வருகிறார்கள். சென்ற ஆண்டு பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தங்கை வந்தாள். நான் எழுத்துக் கண்ணாடி போட்ட வட்டாட்சியரைப் போல மூன்று தாளையும் வரிசையாக வைத்தேன். மதிப்பெண் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஓரெழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தது. மகிழ்ந்துபோய்ப் பாராட்டினேன். பிறகு வங்கிப் புத்தகத்தின் புகைப்படத்தைப் பார்த்தேன். அது அவளுடைய மூத்த அக்காளின் படம். பள்ளியில் சேர்க்கும்போது அக்காளின் பெயரையே தங்கைக்கும் வைத்துவிட்டார்களாம்.

"இதுக்கு என்ன செய்யணும் அக்கா?" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் புதுக் கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனோம்.