லைசென்ஸ் வேண்டாத வண்டியா?

கேள்வி: ஆரணியை ஒட்டிய ஊரில் பட்டு நெய்கிறேன். பாவு வாங்க, சேலை கொடுக்க டவுனுக்குப் போய்வர மின்சார ஸ்கூட்டர் பார்க்கிறேன். லைசென்ஸ், ஆர்.சி. எதுவும் வேண்டாம் என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: அப்படி ஒரு வகை இருக்கிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே எண்ணாது. ஆனால் "ஒரு ஒயரைக் கழற்றினால் நாற்பதில் போகும்" என்று கடைக்காரர் காதைக் கடித்தால், எழுந்து வந்துவிடுங்கள். கழற்றிய நிமிடமே அது பதிவும் இன்சூரன்சும் இல்லாத மோட்டார் வாகனம். யார் மீதாவது மோதினால் நஷ்டஈட்டுக்குத் தறியை விற்க வேண்டியிருக்கும்.

டவுன் வரைக்கும் என்றால் மெதுவண்டி போதும். வேலூருக்கும் போவீர்கள் என்றால் (ஒருவழியே சுமார் 40 கிலோமீட்டர்) பதிவு செய்த, பச்சை நம்பர் பிளேட் மின்சார வண்டிதான். லைசென்ஸ், ஹெல்மெட் கட்டாயம். ஒரு சார்ஜுக்குக் கம்பெனி சொல்லும் தூரத்தில் கால்வாசியைக் கழித்தே கணக்குப் போடுங்கள். பேட்டரிக்கு ஏஐஎஸ்-156 பாதுகாப்புச் சான்று கேளுங்கள். ஆம்பியர் வண்டிகள் ராணிப்பேட்டையிலும், டிவிஎஸ், ஏத்தர் வண்டிகள் ஓசூரிலும் தயாராகின்றன. அது பெருமைதான், ஆனால் சர்வீஸ் ஆரணியிலேயே கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம். கால் வைக்கும் இடம் தட்டையாக இருந்தால் பாவு மூட்டைக்கு வசதி. சார்ஜ் மட்டும் தறி அறையில், பட்டு நூல் பக்கத்தில் போடாதீர்கள்.