டீ ட்ரீ ஆயில்: பருவுக்கு ஓகே, படர்தாமரைக்கு?

பேரைக் கேட்டு இது ஊட்டி டீத்தோட்டத்துல இருந்து வருதுன்னு நம்ம கிளாஸ்லயே பாதிப் பேர் நினைக்கிறாங்க. டீச்செடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கம் வளரும் மெலலூகா மரத்தின் இலையை நீராவியில் வடித்து எடுக்கும் எண்ணெய் இது. நம்ம ஊர் தைல மரத்துக்குப் பங்காளி, ரெண்டும் ஒரே குடும்பம். 1920களில் சிட்னி வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட் இதன் கிருமிநாசினித் தன்மையை அளந்து எழுதிய பிறகுதான் வியாபாரம் சூடு பிடிச்சது.

வேலை செய்யும் சரக்கு டெர்பினென்-4-ஆல். கிருமியின் செல் சவ்வுக்குள்ள புகுந்து ஓட்டை போடும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிய, கிருமி சாகும். டியூப் பஞ்சர் ஆகற மாதிரிதான்.

முகப்பருவுக்கு ஆதாரம் இருக்கு. 1990ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும் 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டாங்க. ரெண்டிலும் பரு குறைஞ்சது. டீ ட்ரீ கொஞ்சம் மெதுவா வேலை செஞ்சது, ஆனா தொந்தரவு கம்மி. இங்கே கவனிக்க வேண்டியது அந்த 5%. கடையில் வாங்கும் சின்ன பாட்டில் பெரும்பாலும் 100% எண்ணெய். அதை அப்படியே தடவினா எரியும். ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லின்னு வெச்சுக்கோங்க: 5 மில்லி கற்றாழை ஜெல்லுக்கு 5 சொட்டு போட்டா கிட்டத்தட்ட 5%. முதல்ல முழங்கை உள்பக்கம் தடவி ரெண்டு நாள் பாருங்க. வெளிச்சமும் காத்தும் பட்டா எண்ணெய் ஆக்சிடைஸ் ஆகி அலர்ஜி தரும். ஜன்னலோரம் வெச்ச பழைய பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. வாயில் படவே கூடாது, விஷம்.

இப்ப படர்தாமரை. வல்லத்துல இருந்து திண்டிவனம் பஸ்ல ஜீன்ஸோட நின்னுட்டு வந்தா தொடை இடுக்கு என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. சொல்லத்தான் கூச்சம், அதனாலதான் எல்லாரும் ரகசியமா எதையாவது தடவறாங்க. கால் பூஞ்சைக்கு 10% டீ ட்ரீ க்ரீம் சோதிச்சப்ப அரிப்பு குறைஞ்சது, பூஞ்சை போகலை. 25, 50% போட்டப்ப பலன் கூடுச்சு, ஆனா சிலருக்குத் தோல் வெந்த மாதிரி ஆயிடுச்சு. பாதத்துக்கே இப்படின்னா மெல்லிய தொடைத் தோல் தாங்குமா?

இதைவிட மோசம், மெடிக்கல்ல "அரிப்பு க்ரீம் குடுங்கண்ணா"ன்னு வாங்கறது. பலதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலின் எதிர்ப்பை அடக்குவதால் அரிப்பு ரெண்டே நாள்ல போகும். பூஞ்சை மட்டும் நிம்மதியா பரவும். நிறுத்தினா வட்டம் இன்னும் பெருசாகும். 2018லேயே மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம்னு ஆணை போட்டது. சீட்டு இல்லாம கேட்கறது நாமதான்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல தோல் டாக்டரைப் பார்க்கலாம். முன்னாடி என்ன க்ரீம் போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, முடிஞ்சா டியூபையே கொண்டு போங்க. அரிப்பு நின்னாலும் அவங்க சொன்ன நாள் வரைக்கும் மருந்தை நிறுத்தாதீங்க. ரூம்மேட்டுக்கும் இருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க, துண்டைத் தனியா வெச்சுக்கோங்க.