கேளாத காதுக்கும் தெரியாத கண்ணுக்கும் டீவி



இந்த முறை நம்ம பாடம் டீவியைப் பற்றியது. "டீவி பார்க்கிறதுக்குமா பாடம்?" என்று சிரிக்க வேண்டாம். கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கிற நேரத்தில் லயத்தில் எல்லாக் காம்பராவிலும் டீவி சத்தம் கேட்கும். செய்தி, நாடகம், படப்பாட்டு எல்லாம் அதில்தான். ஆனால் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அது போய்ச் சேருகிறதா? இதைத்தான் இன்றைக்கு யோசிக்கப் போகிறோம்.

தேயிலை ஸ்டோரில் பல வருஷம் மெஷின் சத்தத்துக்குள் வேலை செய்த தாத்தாவுக்குக் காது மந்தம். டீவியில் வாய் அசைவது தெரியும், பேச்சு விளங்காது. கண்ணில் பூ விழுந்த அப்பாயிக்குப் பாட்டு கேட்கும், யார் வந்தார், யார் போனார் என்று தெரியாது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை எல்லாரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கும், எதற்குச் சிரிக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. "என்னா சொன்னாங்க?" என்று கையைக் காட்டிக் கேட்டால், "ஒண்ணுமில்ல, பொறவு சொல்றேன்" என்போம். பொறவு சொல்லவும் மாட்டோம்.

இது தலையெழுத்து இல்லை. இதற்கு உலகத்தில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றைத் தெரிந்துகொள்வோம்.

1. பேச்சை எழுத்தாகக் காட்டுவது

டீவியில் பேசுகிற பேச்சைப் படத்தின் அடியில் எழுத்தாகப் போடுவது முதல் வழி. கதவு தட்டும் சத்தம், அழுகைச் சத்தம் முதலியவற்றையும் எழுதிக் காட்டுவார்கள். அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து டீவி நிலையம் ஒன்று 1972ஆம் ஆண்டு ஒரு சமையல் நிகழ்ச்சியை இப்படி எழுத்தோடு ஒளிபரப்பியது. அது எல்லார் வீட்டு டீவியிலும் தெரிந்த எழுத்து. வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிகிற மறைவான எழுத்து 1980 மார்ச்சில் வந்தது. படத்தோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் எழுத்தையும் அனுப்புவார்கள். அதைப் பிரித்துக் காட்டத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. ஏழை எளியவர்கள் அந்தப் பெட்டிக்கு எங்கே போவார்கள்? அதனால் அந்த நாட்டில் 1990இல் சட்டம் போட்டார்கள். 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள புது டீவி ஒவ்வொன்றுக்குள்ளும் அந்த வசதி இருக்க வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பிறகுதான் வசதி எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனியுங்கள்.

நமக்குக் கிட்ட இந்தியாவில் நடந்தது இன்னும் சுவையானது. அஹமதாபாத் நகரத்தில் இருக்கும் முகாமைத்துவக் கல்லூரி ஒன்றில் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோதாரி என்பவர், சினிமாப் பாட்டின் வரிகளை அதே மொழியிலேயே திரையில் போட்டால் என்ன என்று 1996இல் யோசித்தார். பாடப்பாட எழுத்தின் நிறம் மாறிக்கொண்டே போகும். 1999இல் குஜராத்தி பாட்டு நிகழ்ச்சியில் இதைச் செய்து பார்த்தார்கள். 2002இல் தூர்தர்ஷனின் சித்ரஹார் என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சியிலும் வந்தது. அவருடைய நோக்கம், அரைகுறையாக எழுத்துத் தெரிந்தவர்கள் பாட்டுப் பார்த்துக்கொண்டே வாசிக்கப் பழக வேண்டும் என்பது. அதே எழுத்து காது கேளாதவர்களுக்கும் உதவியது. நம்ம பிள்ளைகளில் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் எத்தனை பேர்! காது கேளாத ஒருவருக்காகப் போடுகிற எழுத்து, வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் பாடமாகிறது.

2. சைகைமொழி

பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழிதான் தாய்மொழி. அது சும்மா கையை ஆட்டுவது இல்லை. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. நாட்டுக்கு நாடு அது மாறும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் இரண்டு நாட்டுச் சைகைமொழியும் வேறு வேறு.

இந்தியத் தூர்தர்ஷன் காது கேளாதவர்களுக்கான வாராந்தச் செய்தியை 1987இல் ஆரம்பித்தது. நம்ம நாட்டிலும் சில செய்தி ஒளிபரப்புகளில் திரையின் மூலையில் ஒருவர் சைகையில் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். சைகைமொழி தெரியாத பிள்ளைக்கு அதனால் பிரயோசனம் இல்லை. ஆகவே பள்ளிக்கூடம் முக்கியம். இரத்மலானையில் இருக்கும் காது கேளாதோர், கண் தெரியாதோர் பாடசாலையின் வரலாறு 1912இல் தொடங்குகிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை ஏற்பட்டது. "புள்ளை பேசலை, பெரிசானா சரியாப் போயிரும்" என்று வருஷத்தைக் கடத்த வேண்டாம். சத்தம் கேட்டுத் திரும்பாத குழந்தையை உடனே டிஸ்பென்சரியில் காட்டி, இரத்தினபுரி அல்லது கேகாலை பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள்.

3. படத்தைச் சொல்லால் காட்டுவது

கண் தெரியாதவருக்கு எழுத்தும் சைகையும் உதவாது. அவருக்குச் சொல் வேண்டும். பேச்சுக்கு நடுவில் வரும் இடைவெளியில் ஒரு குரல், "அவள் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுகிறாள்" என்று சுருக்கமாகச் சொல்லும். இதை ஒலி விவரணை என்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் மார்கரட் ஃபான்ஸ்டீல் என்ற அம்மையார் கண் பார்வை மிகவும் குறைந்தவர். அவரும் பின்னர் அவர் கணவரான கோடியும் 1981இல் மேடை நாடகத்துக்கு இப்படி விவரணை சொல்லத் தொடங்கினார்கள். 1990இல் இது டீவிக்கும் வந்தது. இந்தியாவில் சினிமாக் கொட்டகைகளிலும் எழுத்தும் ஒலி விவரணையும் இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் அரசாங்கம் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

வீட்டிலேயே செய்யக்கூடியது

நம்ம தமிழ் நிகழ்ச்சிகளில் பலவற்றுக்கு இந்த வசதி இன்னும் இல்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

ரிமோட்டில் சப்டைட்டில் என்றோ, சீ.சீ. என்றோ ஆங்கிலத்தில் எழுதிய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். நிலையம் எழுத்தை அனுப்பினால்தான் அது வேலை செய்யும். போனில் யூடியூப் பார்க்கும்போதும் அதே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்று ஒன்று 2019இல் வந்தது. பக்கத்தில் பேசுவதை எழுத்தாகக் காட்டும். தமிழும் அதில் உண்டு. டீவிக்குக் கிட்ட போனை வைத்தால் செய்தி வாசிப்பதை ஓரளவு எழுதிக் காட்டும். பாட்டும் இரைச்சலும் கலந்தால் பிழை வரும். வாசிக்கத் தெரிந்த காது மந்தமான தாத்தாவுக்கு அதுவே பெரிய உதவி.

கண் தெரியாத அப்பாயிக்குப் பேரப்பிள்ளையே விவரணை சொல்லலாம். சட்டம் மூன்றுதான். டீவியில் ஆள் பேசும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். இடைவெளியில், கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், "இவன் கெட்டவன்" என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. திரையில் எழுத்து வந்தால் சத்தமாக வாசிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

உயிர்க் காரியம்

நாடகம் விளங்காவிட்டால் மனவருத்தம். மண்சரிவு எச்சரிக்கை விளங்காவிட்டால் உயிரே போகும். 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகள் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. 2017 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைநாடே சரிந்தது.

எச்சரிக்கை டீவியில் எப்படி வருகிறது? அடியில் எழுத்தாக ஓடும். மேலே பாட்டு போய்க்கொண்டிருக்கும். கண் தெரியாதவருக்கும் வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டுத்தான் கேட்கும். செய்தியில் வாயால் சொன்னால் காது கேளாதவருக்குப் போய்ச் சேராது. கரண்ட் போய்விட்டால் யாருக்குமே இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இந்த மூன்று நிறத்தையும் காது கேளாதவருக்கு அட்டையில் பூசிக் காட்டிப் பழக்குங்கள். இரவில் கதவைத் தட்டினால் அவருக்குக் கேட்காது. டோர்ச்சை முகத்துக்குப் பக்கத்தில் மினுக்கி, தோளைத் தொட்டு எழுப்ப வேண்டும். "இப்போதே வெளியே வா" என்பதற்கு ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. காது கேளாதவர் அதில் பேச முடியாது, அவருக்காகப் பக்கத்துக் காம்பராக்காரர் பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டம் நம்ம நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் 30ஆம் உறுப்புரை டீவி நிகழ்ச்சிகள் அவர்களுக்கு ஏற்ற வடிவில் கிடைக்க வேண்டும் என்கிறது. 11ஆம் உறுப்புரை ஆபத்து நேரத்தில் அவர்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டு என்கிறது. ஆகவே எழுத்தோடும் சைகையோடும் தமிழில் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்பது பிச்சை இல்லை, உரிமை. சங்கக் கூட்டத்திலும் பிரதேச செயலகத்திலும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. நம்ம லயத்தில் காது கேளாதவர், கண் தெரியாதவர் யார் யார்? எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள்?

2. இரவில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் அவர்கள் ஒவ்வொருவரையும் எழுப்புகிற பொறுப்பு யாருக்கு? அவர் ஊரில் இல்லாத நாளில் யாருக்கு?

3. இன்றைய டீவிச் செய்தியை அவர்களுக்குச் சொன்னது யார்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் காம்பராவில் பதில் இல்லையென்றால், இன்று இரவுச் செய்தியிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, லயத்துக்கு ஒருவராகப் புள்ளக்காம்பராவில் கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் அந்தப் பட்டியல் நம்ம கையில் இருக்க வேண்டும்.