காற்றில்லாத காலையில் பலா இலை விழுவது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பலா மரம், காற்றே இல்லாத காலையிலும் இலை உதிர்க்கிறது. காய்ந்ததால் விழுகிறது என்கிறார் மாமா. அப்படித்தானா? - வாசகி, மஹய்யாவ

பதில்: மாமாவுடன் நீங்கள் தாராளமாக வாதாடலாம், சகோதரி. விழுந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சளாக இருக்கும், ஆனால் ஈரம் இருக்கும். இன்னொன்று: நிறைகுடத்தில் வைத்த மாவிலைக் கொத்து நாலு நாளில் சருகாகிவிடும், ஆனாலும் இலை காம்பை விடாது. காய்வதுதான் காரணமென்றால் அதுவல்லவா முதலில் உதிர வேண்டும்!

இலையை மரமே கழற்றி விடுகிறது. அடுத்தடுத்த கலங்களின் சுவர்களுக்கு நடுவே இடைத்தட்டு என்ற மெல்லிய படை உண்டு. அதில் பெரும்பங்கு பெக்டின், அதாவது தாவரத்தின் சொந்தப் பசை. கலக்டுரோனிக் அமிலம் என்பது சர்க்கரையிலிருந்து வந்த ஓர் அமிலம். அதன் அலகுகள் நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலிதான் பெக்டினின் முதுகெலும்பு. ஆரம்பத்தில் பல அலகுகளின் அமில முனையை மெதைல் என்ற சிறு கூட்டம் மூடியிருக்கும். ஒரு நொதியம் (வேதிவினையை விரைவாக்கும் புரதம்) அந்த மூடியைக் கழற்றினால் முனை எதிர் மின்னேற்றம் பெறும். நேர் மின்னேற்றமுள்ள கல்சியம் அயன்கள் வந்து இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும். பெட்டிக் குழிகளில் முட்டை அமர்வதுபோல் கல்சியம் அமர்கிறது என்று 1973இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த மாதிரியின் பெயரே முட்டைப் பெட்டிதான். விஞ்ஞானிகளும் சமையலறைப் பக்கம் போவதுண்டு.

இளம் இலை ஒட்சின் என்ற ஹோர்மோனை (உடலுக்குள் செய்தி சொல்லும் இரசாயனம்) காம்பு வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வரும்வரை காம்படி உறுதியாக நிற்கும். இலை முதிர்ந்தால் வரத்து குறையும், எதிலீன் வாயுவின் கை ஓங்கும். காம்படியில் குறுக்கே அமைந்த சில கல அடுக்குகள் உடனே பெக்டின் சங்கிலியை அறுக்கும் நொதியங்களையும், செலுலோசை அறுப்பவற்றையும் சுரக்கும். பசை கரைந்த பிறகு இலையின் எடையே போதும், காற்று வேண்டியதில்லை. மாவிலைக் கொத்தில் இது நடக்காததற்குக் காரணம், நொதியம் சுரக்க வேண்டிய கலங்களும் இலையோடு சேர்ந்து காய்ந்து செத்துப்போவதுதான்.

மாமா நம்பாவிட்டால், சாடியில் வளரும் கோலியஸ் செடியில் ஓர் இலையின் தட்டை மட்டும் வெட்டிவிட்டுக் காம்பை விட்டுவையுங்கள். சில நாட்களில் அந்தக் காம்பு பச்சையாகவே கழன்று விழும்.