பயிற்சியாளர் வூடன்

அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், கூடைப்பந்துப் பயிற்சி தொடங்கும் முதல் நாளன்று ஒரு விந்தையான பாடம் நடைபெறுவது வழக்கமாயிருந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேடித் தெரிந்தெடுக்கப்பெற்ற இளைஞர்கள், ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்கள், வரிசையாக அமர்ந்திருப்பர். மூக்குக் கண்ணாடி அணிந்த பயிற்சியாளர் அவர்கள்முன் நின்று, காலுறையை எவ்வாறு அணிவது என்று கற்பிப்பார். உறையில் மடிப்பு விழுந்தால் காலில் கொப்புளம் உண்டாகும். கொப்புளம் உண்டானவன் ஓட இயலாது. ஓட இயலாதவன் ஆட்டத்துக்கு உதவான். ஆதலால் விரல் நுனி முதல் குதிகால் வரை தடவிப் பார்த்து மடிப்பை நீக்குதல் வேண்டும். பிறகு காலணியின் நாடாவை இறுக்கிக் கட்டும் முறையைக் காட்டுவார். பள்ளி நாட்களிலேயே பெரும்புகழ் ஈட்டி வந்த அவ்விளைஞருட் சிலர், இதற்காகவா இவ்வளவு தொலைவு வந்தோம் என்று தமக்குள் நகைத்துக்கொண்டனர்.

அப்பயிற்சியாளரே ஜான் வூடன். இவர் 1910ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்தில் பிறந்தவர், பண்ணையில் வளர்ந்தவர், உயர்நிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியராகவும் பணியாற்றியவர். 1948 முதல் 1975 வரை கலிபோர்னியாவில் அவர் பயிற்சியளித்தார். அவற்றுள் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளில் மட்டும் பத்து முறை அவருடைய குழு நாட்டின் கல்லூரி வாகையைச் சூடியது. 1971 முதல் 1974 வரை தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றது. இத்தகைய குழுவில் மனக்கசப்பு என்பதே இருந்திராது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு.

வூடன் உரத்துப் பேசுபவரல்லர். தீச்சொல் அவர் வாயில் வந்ததில்லை. ஆயினும் விதிகளில் மிகவும் கண்டிப்பானவர். காலந்தவறாமை, தீச்சொல் பேசாமை, உடன் ஆடுபவனைக் குறை கூறாமை ஆகிய மூன்றும் அவருடைய முதன்மையான கட்டளைகள். தலைமயிர் குறுகியிருத்தல் வேண்டும், தாடி கூடாது. தம் தொடக்க நாட்களில், உயர்நிலைப்பள்ளியில் பயிற்சியளித்தபோது, புகை பிடித்த மாணவன் ஒருவனை விதிப்படி உடனே நீக்கிவிட்டார். அவ்விளைஞன் விளையாட்டை மட்டுமன்றிப் படிப்பையும் துறந்தான். அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரிக் கல்வி அதனோடு அகன்றது. அச்செயலை எண்ணி வூடன் பிற்காலத்தில் வருந்தினார். அதன்பின் விதிகளைச் சற்றே தளர்த்தி, தண்டனையைத் தம் கருத்துக்கு விட்டு வைத்துக்கொண்டார். எல்லாரையும் ஒரே வகையாக நடத்துவதே நேர்மை என்னும் பழைய எண்ணத்தைக் கைவிட்டு, அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நேர்மை என்று கொண்டார். சொல்லுதற்கு எளிதான கொள்கை இது. உரியது எது என்று முடிவு செய்பவர் பயிற்சியாளர் ஒருவரே. பெறுபவனோ தன் கணக்கை வேறாக வைத்திருப்பான்.

களத்தில் ஒரே நேரத்தில் ஐவர் ஆடுவர். வூடன் பெரும்பாலும் ஏழெட்டுப் பேரையே மாற்றி மாற்றி ஆடவிடுவார். எஞ்சியோர் நாள்தோறும் பயிற்சியில் வியர்வை சிந்தியும், ஆட்டத்தன்று பலகையில் அமர்ந்தே பொழுது கழிப்பர். 1970ஆம் ஆண்டில், வாகை சூடிய குழுவுக்கு நடந்த விருந்தில் அவ்வாறு அமர்ந்திருந்தோருள் ஒருவர் எழுந்து பேசினார். முன்னணி ஆட்டக்காரருக்கு ஒரு நீதி, தம்மைப் போன்றோர்க்கு ஒரு நீதி என்று அவர் வெளிப்படையாகக் குறை கூறவே, அவையோர் திடுக்கிட்டனர்.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. 1968 சனவரி 20ஆம் நாள், ஹூஸ்டன் நகரின் மாபெரும் அரங்கில் 52,693 பேர் கூடியிருக்க, வூடனின் குழு ஹூஸ்டன் பல்கலைக்கழகக் குழுவை எதிர்த்தது. எதிரணியின் எல்வின் ஹேய்ஸ் அன்று தடுப்பாரின்றிப் பந்தைக் கூடையில் இட்டார். அவரைத் தடுக்கும் பொறுப்பேற்றவர்களுள் எட்கர் லேசி என்பவரும் ஒருவர். ஏறத்தாழப் பதினொரு நிமிடங்களுக்குப் பின் வூடன் லேசியை வெளியே அழைத்தார். அதன்பின் அவரைக் களத்துக்கு அனுப்பவேயில்லை. ஆட்டம் 71க்கு 69 என்று கை நழுவியது. லேசி பலகையின் கோடியில் அமர்ந்திருந்த நிலையைக் கண்டு, அவருக்கு ஆட விருப்பமில்லை என்று தாம் கருதியதாக வூடன் செய்தியாளரிடம் கூறினார். அச்சொல்லே லேசியைச் சுட்டது. சில நாட்களுள் அவர் குழுவிலிருந்து விலகினார். கறுப்பின மாணவர் ஒருவரைப் போட்டியில் சேர்க்க மாட்டோம் என்றதற்காக 1947ஆம் ஆண்டில் ஒரு பெரும்போட்டியின் அழைப்பையே மறுத்த வூடன், கறுப்பினத்தவரான லேசியிடம் வேண்டுமென்றே தீங்கிழைத்தார் என்பதற்கில்லை. ஆயினும் அருகே சென்று, ஆடுகிறாயா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதே ஹூஸ்டன் குழுவை 101க்கு 69 என்று வென்று பழி தீர்த்தனர். அவ்வெற்றியில் லேசிக்குப் பங்கில்லை.

பில் வால்ட்டன் வந்த காலமோ வேறு. வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் கொதித்தெழுந்த நாட்கள் அவை. 1972ஆம் ஆண்டில் வால்ட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த எதிர்ப்பில் கலந்துகொண்டு கைது செய்யப்பட்டார். அவர் தேர்ந்த வழி பயிற்சியாளருக்கு உவப்பாயில்லை. ஆயினும் களத்தில் அவருக்கு இணையாவார் இல்லை. 1973ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் 22 முறை எறிந்து 21 முறை கூடையில் இட்டவர் அவர். ஒரு பருவத் தொடக்கத்தில் வால்ட்டன் நீண்ட மயிருடன் பயிற்சிக்கு வந்தார். மயிரைக் குறைத்து வருமாறு வூடன் கூறினார். எவ்வளவு மயிர் வளர்ப்பது என்று கூறப் பயிற்சியாளர்க்கு உரிமையில்லை என்று வால்ட்டன் வாதிட்டார். வூடன் சினந்தாரில்லை. அவ்வுரிமை தமக்கில்லைதான் என்று ஒப்புக்கொண்டார். கொண்ட கொள்கையில் உறுதியாய் நிற்பவரைத் தாம் மதிப்பதாகவும் சொன்னார். ஆயினும் குழுவில் ஆடுவோர் யார் என்று முடிவு செய்யும் உரிமை தம்முடையது என்றும், வால்ட்டன் இல்லாத குறையைக் குழு உணரும் என்றும் அமைதியாகக் கூறினார். வால்ட்டன் உடனே மிதிவண்டியில் ஏறி முடிதிருத்தகத்துக்கு விரைந்தார்.

லேசியிடம் இல்லாத ஒன்று இங்கு இருந்தது. வால்ட்டனுடன் நேருக்கு நேர் நின்று பேசினார் வூடன். பலர் அறிய அவர் உள்ளத்துக்குப் பொருள் கூறவில்லை. வால்ட்டனோ ஆசிரியரின் கருத்தை ஏற்றாரல்லர். விதிக்கு உட்பட்டார், அவ்வளவே.

வால்ட்டன் பிறகு தொழில்முறை ஆட்டக்காரராகிப் புகழ் பெற்றார். பாத நோயினால் பன்முறை அறுவை மருத்துவத்துக்கும் ஆளானார். அந்நாட்களில் அவர் வூடனைத் தொலைபேசியில் அடிக்கடி அழைத்துப் பேசலானார். 1985ஆம் ஆண்டில் மனைவியை இழந்து தனித்திருந்த முதியவரும் அவ்வழைப்புகளை ஏற்றுப் பேசுவார். 2010ஆம் ஆண்டில், தொண்ணூற்றொன்பதாம் அகவையில் வூடன் மறையும்வரை அவ்வுறவு நீடித்தது. வால்ட்டனுக்கு ஆண்மக்கள் நால்வர். அவர்கள் பள்ளிக்கு எடுத்துச் சென்ற உணவுப் பைகளின்மேல், தாம் ஒருகாலத்தில் கேட்டு நகைத்த வூடனின் மொழிகளைத் தந்தையே தம் கைப்பட எழுதி அனுப்புவார்.