முடி யாருக்கு, பலம் யாருக்கு?



ராஜா இருக்கிற நாட்டில் எல்லாம் அவர் இஷ்டப்படிதான் நடக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எப்போதும் அப்படியில்லை. 1948 முதல் 1972 மே 22 வரை நம்ம நாட்டுக்கும் முடி இருந்தது. முதலில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், 1952 முதல் இரண்டாம் எலிசபெத் மகாராணி.

அவர்கள் இருந்தது இங்கிலாந்தில். இங்கே அவர்கள் சார்பில் மகாதேசாதிபதி இருந்தார். ஆட்சி நடத்தியது பிரதமரும் மந்திரிமாரும். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவரே பிரதமர். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு மகாதேசாதிபதி மன்னர் பெயரால் சம்மதம் கொடுப்பார். பெயர் மன்னருக்கு, பலம் பாராளுமன்றத்துக்கு.

இதை நம்ம சனம் பட்டுத் தெரிந்துகொண்டது. 1947 தேர்தலில் தோட்டத்து ஆட்களும் வாக்களித்து நம்மவர் சிலரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இந்தச் சட்டங்களும் மன்னர் பெயரால்தான் வந்தன. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கும் 1953இல் தோற்றது. கடைசியாக எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது.

இன்று முடி இல்லை; வாக்கு நம்ம கையில் இருக்கிறது. பசறையோ, ஹாலி-எலயோ, அப்புத்தளையோ, எந்தத் தோட்டத்து லயத்தில் இருந்தாலும் கிராம சேவகரிடம் கேளுங்கள். உங்கள் பெயரும் 18 வயதான பிள்ளைகளின் பெயரும் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை பறிபோன உரிமையை நாமே கைநழுவ விடக்கூடாது.