ஒளிந்து வாழும் வண்டு, பெருகி வாழும் புழு



கொழுந்து எடுக்கும்போது நல்லா இருந்த வாது ஒன்று, உடம்பு பட்டதும் சடக்கென்று முறிஞ்சு போகும். இன்னொரு மலையில் இலைகள் ஒட்டிச் சுருண்டு கிடக்கும். இரண்டும் பூச்சி வேலைதான். ஆனால் இரண்டும் பிழைக்கிற வழி வேறு.

1. தண்டு துளைக்கும் வண்டு

இதன் அளவு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான். பெண் வண்டு வாதுக்குள் சுரங்கம் தோண்டும். ஆனால் மரத்தைத் தின்னாது. தலையிலுள்ள சிறு பையில் பூஞ்சண வித்தைக் கொண்டுவந்து, சுரங்கச் சுவரில் பயிர் செய்யும். குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. ஆண் வண்டு பறக்காது. கவ்வாத்து மிலாறு கட்டும்போது ஒன்றை முறித்துப் பாருங்கள். துளையும் சுரங்கமும் தெரியும். எங்கள் ஆரையம்பதிப் பக்கத்துத் தென்னைகளில் செவ்வண்டின் புழுவும் இப்படித்தான் மரத்துக்குள் ஒளிந்து தின்னும்.

2. இலை சுருட்டிப் புழு

இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, அதற்குள் இருந்து தின்னும். இதன் பலம் எண்ணிக்கை. தாய்ப்பூச்சி முற்றிய இலைமேல் முட்டைகளை மீன் செதில் போல அடுக்கி, கூட்டமாக இடும். பல செத்தாலும் சில தப்பினால் போதும்.

3. நமக்கு உதவிய குளவி

இந்தப் புழுவை அடக்க 1935-36 இல் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். குளவிக் குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடும். தொல்லை பெரிதும் குறைந்தது.

பிறகு, தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற மருந்து அடித்தார்கள். அந்த மருந்து குளவியையும் கொன்றது. காவல் போனதும் இலை சுருட்டிப் புழு மறுபடி பெருகியது. ஒரு பகையை அடிக்கப் போய், இன்னொரு பகையை வளர்த்த கதை இது. டீல்ட்ரின் இன்று பாவனையில் இல்லை. பாடம் மட்டும் பழசாகவில்லை.

ஆகவே, முறிந்த வாது, சுருண்ட இலை எதைக் கண்டாலும் கங்காணியிடம் உடனே சொல்லுங்கள். எந்தப் பூச்சி, எங்கே ஒளியுது, அதைத் தின்பது எது என்று தெரிந்த பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். செடி கெட்டால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் அடுப்பும் குறைந்துதான் எரியும்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்:
1. வண்டு சுரங்கத்தில் எதைப் பயிர் செய்கிறது?
2. குளவி செத்ததும் புழு பெருகியது ஏன்?